ஆறு

ஸமோராவில் புள்ளிவிவர அலுவலகம்,
இரண்டாம் மாடி, சன்னலோரம் என் மேசை.
பெயர்ப்பலகையில் ஹெனொவேவா செய்ஸ்தேதோஸ்.
புதிதாய் வருகிறவர்
முதலில் பலகையைப் பார்ப்பார்,
அப்புறம் என் கையை.
பத்துதான் ஐயா, எண்ணிக்கொள்ளுங்கள்.

செய்ஸ் என்றால் ஆறு. தேதோஸ் என்றால் விரல்கள்.
இதில் மர்மம் ஒன்றுமில்லை,
முதல் ஆள் யார் என்பதைத் தவிர.

கணக்கெழுத வந்த ஒருவன்
ஊரில் மூன்று அலோன்சோ இருக்கக் கண்டு
குழம்பியிருப்பான் என்பது என் ஊகம்.
வரி கட்டாத அலோன்சோ எவன்?
கோவேறு கழுதை ஓட்டுகிறானே,
அந்த ஆறு விரல்காரன் என்று
யாரோ காட்டிக்கொடுத்திருப்பார்கள்.
மை காய்வதற்குள் பரம்பரை ஆகிவிட்டது.

என் சித்தப்பா எவாரிஸ்தோ இதை ஒப்பமாட்டார்.
அவர் கதையில் அவன் படைத்தலைவன்,
ஆறாவது விரலையும் சேர்த்து வாளைப் பிடித்தவன்.
வாள் எங்கே என்றால்
போர்த்துகலில் அடகில் இருக்கிறது என்பார்.

வேலை நேரத்தில் கொஞ்சம் திருட்டுத்தனம் செய்வேன்.
தேடுபெட்டியில் எங்கள் பெயரை இட்டு
மாகாணம் மாகாணமாய்ப் பார்ப்பேன்.
துவேரோவின் இக்கரையில் கொத்தாய்,
சலமாங்காவில் சிதறலாய்,
மாட்ரிட்டில் கொஞ்சம், எல்லோரும் போகிற இடம்தானே,
பில்பாவோவில் உருக்காலைக்குப் போனவர்களின் பிள்ளைகள்.
கடல் தாண்டி புவெனோஸ் ஐரெஸில் ஒரு ரொட்டிக்கடை,
முகப்பில் எங்கள் பெயர்,
உள்ளே எங்களைத் தெரியாத ஒரு பையன்.
விரல்விட்டு எண்ணிவிடலாம் எங்களை.
யாருடைய விரலை என்பதுதான் கேள்வி.

பக்கத்து மேசைக்காரன் கார்சியா.
அவன் பெயரைத் தட்டினால் இயந்திரம் மூச்சுவாங்கும்.
உன் பெயருக்கு என்னடா அர்த்தம் என்றேன் ஒருநாள்.
கரடி என்கிறார்கள், இளமை என்கிறார்கள்,
மழைக்கு அர்த்தம் கேட்கிறாயா என்றான்.

எங்கள் அட்டவணையில் ஒரு வழக்கம்:
ஐந்து பேருக்குக் குறைந்தால்
எண் கிடையாது, இரண்டு புள்ளிகள் மட்டும்.
உவெஸ்காவில் புள்ளி. தெருவேலில் புள்ளி.
அந்தப் புள்ளிகளுக்குள் யாரோ
இராச்சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்துவைக்கிறார்கள்.

இங்கே ஆளுக்கு இரண்டு குடும்பப்பெயர்.
அப்பாவுடையது முன்னே, அம்மாவுடையது பின்னே.
பின்னே இருப்பது அடுத்த பிரசவத்தில் இறங்கிக்கொள்ளும்,
நிறுத்தம் வந்த பயணிபோல.
மாற்றி எழுதச் சட்டம் இப்போது விடுகிறது.
என் தங்கை ஒவீதியா கேட்கவில்லை.
கணவன் பெரெஸ், பிடிவாதக்காரன்,
அன்று மழை வேறு,
கையெழுத்திட்டுத் திரும்பிவிட்டார்கள்.
எனக்குப் பிள்ளை இல்லை.
புகாராகச் சொல்லவில்லை, கணக்குக்காகச் சொன்னேன்.

போன மார்ச்சில் பில்பாவோவிலிருந்து
ஒவீதியாவின் மகள் நியேவெஸ் பேசினாள்.
பெண் குழந்தை. மூன்று கிலோ நூறு.
பெயர் ஒய்ஹானா எச்செபர்ரியா பெரெஸ்.
பெரியம்மா, இன்னொன்று, என்று
குரலைத் தாழ்த்தினாள்.
இடது கையில், சுண்டுவிரலுக்கு வெளியே,
ஒன்று கூடுதலாக இருக்கிறது.
எலும்பில்லை. நகம் மட்டும், அரிசியளவு.

நான் என்ன சொன்னேனென்று நினைவில்லை.
கார்சியா எழுந்துபோய்
ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

மருத்துவர் நூலால் இறுக்கிக் கட்டினாராம்.
ஒன்பதாம் நாள் குளிப்பாட்டுகையில் உதிர்ந்ததாம்.
புண் ஆறிவிட்டது என்ற செய்தி
ஞாயிறன்று பாலத்தின்மேல் நடக்கையில் வந்தது.
கீழே ஆறு கலங்கலாய்ப் போய்க்கொண்டிருந்தது,
எல்லை தாண்டியதும்
வேறு பெயர் சொல்லி அழைப்பார்கள் என்ற
கவலை எதுவும் இல்லாமல்.

ஐந்து விரலும் ஒன்றுபோல் இராது என்பார்கள்.
ஆறாவதைப் பற்றி
யாரும் எதுவும் சொல்லிவைக்கவில்லை.

திங்களன்று அட்டவணையை அச்செடுத்தேன்.
பிஸ்காயா மாகாணம். எங்கள் வரிசை. பழைய எண்ணேதான்.
அவளைச் சேர்க்க எனக்கு அதிகாரமில்லை.
எண்ணுக்குப் பக்கத்தில், விளிம்பில்,
பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டேன்.
பிறகு அழித்தேன்.
அழித்த இடம் தெரிகிறது.